மாரிட்டுக்கு ஏற்ற தோட்டா

வசந்தத்தில் குதிரையிலிருந்து விழுந்து, தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் என் மனைவி மாரிட். பல வருடம் விண்ணப்பித்தும் கிடைக்காத எல்க் மான் வேட்டைச் சீட்டு, மொன்டானாவில் இந்த இலையுதிர் காலத்துக்குத்தான் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது. பழைய தோட்டா சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதையை அந்தத் தோள் தாங்காது. உதை குறைந்த, ஆனால் குறி தப்பாத தோட்டா ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். குறியில் சந்தேகம் இருந்தால் அவள் எந்த மிருகத்தின் மேலும் சுடமாட்டாள்.

சுடும்போது துப்பாக்கிக் குழலின் எஃகில் ஓர் அதிர்வு முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அது நுனியில் இல்லாத கணத்தில் குண்டு வெளியேறினால் இலக்கில் துளைகள் ஒன்றாக விழும் என்பது கணக்கு. மாலை வகுப்பில் கற்ற இயற்கணிதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒவ்வொரு வரியையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். தோட்டா செய்யும் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள், குறைந்த வெடிமருந்திலேயே அப்படி ஒரு கணம் கிடைத்தது. குண்டின் வேகம் அளக்கும் கருவியைக் குழல் நுனியில் பட்டை போட்டுக் கட்டிச் சுட்டேன். துளைகள் ஒட்டிக்கொண்டு விழுந்தன.

சனிக்கிழமை கருவியைக் கழற்றிவிட்டு, எங்கள் மேய்ச்சல் நிலத்தில் குறி அட்டையை நட்டு, துப்பாக்கியை மாரிட்டிடம் கொடுத்தேன். அவள் சுட்ட மூன்றும் கையகலத்துக்குச் சிதறின.

காதடைப்பானைக் கழற்றினாள்.

"தோள் போச்சு. நான் மலைக்குப் போகல."

நான் வாங்கிச் சுட்டேன். எனக்கும் சிதறின.

"வேணும்னே தப்பா சுடுற," என்றாள். "நீ நல்லவன்தான். ஆனா இந்த மாதிரி ஆறுதல் எனக்கு வேண்டாம்."

இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் நம்பாமல், காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

எது தவறினாலும் முதலில் என்னைத்தான் சந்தேகிப்பேன். மருந்தளவு சரி, கூடுகளும் சரி. அப்போது பிக்கப் வண்டியின் இருக்கையில் கிடந்த கருவி கண்ணில் பட்டது. அந்த எடையைக் குழலில் தொங்கவிட்டபடிதான் அத்தனை சோதனையும் செய்திருந்தேன். எடை இருந்தால் குழல் ஒரு விதமாக அதிரும், இல்லாவிட்டால் வேறு விதமாக.

கருவியைத் திரும்பக் கட்டி, இன்னொரு தடவை மட்டும் சுடு என்று கெஞ்சினேன். எனக்காகத்தான் சுட்டாள். தொலைநோக்கியை அவளிடமே தந்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவள் கை, சட்டைக்கு மேலாகத் தழும்பைத் தடவியது.

"அப்போ நடுங்கினது நான் இல்லையா?"

"நீ இல்ல. என் கணக்கு."

"கழுதை," என்றாள். "நான் தோளோட சேர்ந்து மனசையும் விட்டுட்டேன் தெரியுமா?"

கருவி இல்லாமல் எல்லா மருந்தளவையும் மறுபடி சுட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

"சுடுறது நான். நீ மருந்தை அளந்து குடு, போதும்."

கருவியின் பட்டையை அவளே அவிழ்க்க ஆரம்பித்தாள்.