பகலில் திறந்த குழாய்

ஆபீசிலேர்ந்து வந்ததும் வராததுமா எங்காத்துக்காரர், "ஜெயலக்ஷ்மி போலீசுக்கு எழுதின கடுதாசியைப் பத்திக் கேட்டியோ? பொம்மனாட்டின்னா அவ பொம்மனாட்டி!"ன்னார். எனக்குப் பத்திண்டு வந்தது. பதினஞ்சு வருஷமா இவருக்கு வடிச்சுக் கொட்டறேன், என்னை ஒரு நாள் அப்படிச் சொன்னதுண்டா?

விஷயம் இதுதான். ஒக்கலிபுரத்துல எங்க சந்துக்கு ஒரே குழாய். நாங்களே ஓட்டுப் போட்டு அனுப்பின வார்டு கமிட்டி, போன வருஷம் அதைப் பகல்ல பூட்டிடுத்து. பெரிய உத்தியோகஸ்தா தெருவுல மட்டும் நாள் முழுக்கத் தண்ணி. பக்கத்தாத்து ஜெயலக்ஷ்மி, 'புதன்கிழமை பத்து மணிக்குப் பூட்டை உடைக்கப் போறேன்'னு போலீசுக்கே எழுதினா. சொன்னபடி உடைச்சா. ரயில்வே கூலிக்காரப் பொண்களையெல்லாம் கூப்பிட்டுக் குடம் குடமாப் பிடிக்கச் சொன்னா. போலீஸ் வர வரைக்கும் நகரலே.

அட ராமா! அதே குழாயை ஒரு வருஷமா நான் கள்ளச்சாவி போட்டுத் திறக்கறேனே! காவல்காரன் சாப்பிடப் போற நேரமாப் பார்த்து என் ரெண்டு குடத்தை ரொப்பிண்டு ஓடி வந்துடுவேன். எனக்கு எவன் மாலை போட்டான்?

கேஸ் அன்னிக்கு இவர் லீவு போட்டுண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன், அவ மூஞ்சி தொங்கறதைப் பார்க்க.

மாஜிஸ்ட்ரேட் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார். "உங்க ஓட்டை வாங்கின கமிட்டி போட்ட சட்டம்மா. பிடிக்கலேன்னா அடுத்த எலெக்ஷன்ல ஆளை மாத்துங்கோ. பூட்டை உடைக்கலாமா?"

"எலெக்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நாலு மனுப் போட்டேன், பதிலே இல்லே. ஓட்டுப் போட்டதனால வாயை மூடிக்கணுமா? சட்டத்தை மீறினேன், ஒத்துக்கறேன். தண்டனையைக் குடுங்கோ, ஓட மாட்டேன்"னா.

பேச்சைப் பாரேன்! எங்காத்துக்காரர் கண்ணைக்கூட இமைக்கலே. எனக்கு வயிறு எரிஞ்சுது.

அப்பதான் காவல்காரன், "ஒரு வருஷமா யாரோ தண்ணி திருடறாங்க சாமி. அதுவும் இந்தம்மாதான்"னான். கோர்ட்டே முணுமுணுத்தது. ஜெயலக்ஷ்மி முகம் வெளுத்துப் போச்சு. நேரா என்னைப் பார்த்தா.

"நான் திறந்தது ஒரே தரம். மத்தது யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்."

தூக்கிவாரிப் போட்டது. தெரியுமா இவளுக்கு! நான் சும்மா இருந்தா அவளைத் திருடின்னுவா. நான் ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனா என்னைக் காப்பாத்தின பெருமையும் இவளுக்கேவா? அது மட்டும் நடக்காது!

"நான்தான் திருடினேன்!" எழுந்துட்டேன்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழட்டினார். "நீயும் எழுதிப் போட்டுட்டு எல்லார் எதிர்க்கத் திறந்திருக்கலாமேம்மா?"

"பயம் சுவாமி. அதோட, நான் எனக்கு மட்டும்தான் எடுத்துண்டேன்."

அவளுக்கு எட்டு நாள் ஜெயில். எனக்குத் திருட்டுக்குப் பதினஞ்சு.

வாசல்ல கூட்டம் ஜெயலக்ஷ்மிக்கு ஜே போட்டது. எனக்கு யாரும் போடலே. எங்காத்துக்காரர் மட்டும் யாருக்கும் ஜே போடாம, என்னையே பார்த்துண்டு நின்னார். இந்தப் பதினஞ்சு வருஷத்துல ஒரு தரம்கூட அப்படிப் பார்த்ததில்லே.

ஜெயலக்ஷ்மி அதைக் கவனிச்சாளோன்னு திரும்பினேன். கவனிச்சா.