அனுமதி கேட்காத பாதை

எல்க் மான் வேட்டைப் பருவத்தின் முதல் காலை. பண்ணை வாயிலின் பூட்டிய கதவில் ஒரு பச்சைப் பெட்டி தொங்கியது. உள்ளே நோட்டும் பென்சிலும். கதவுக்கு அப்பால் இரண்டு மைல் தனியார் நிலம். அதைத் தாண்டினால் யாரும் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்கிற அரசாங்கக் காடு. அங்கே போக இந்த ஒரு பாதைதான்.

போன வருடம் வெர்னா ஸ்கோக்லண்ட் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டாள். மரியாதைக்குத்தான். அடுத்தவர் கதவைத் தாண்டும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மொன்டானா மாநிலத்து வழக்கம். இது பொதுப்பாதையா, பண்ணையின் பாதையா என்று கோடையில் கோர்ட்டில் நடந்த விசாரணையில் பண்ணையின் வக்கீல் அதே நோட்டைத் தூக்கிக் காட்டினார். நாற்பத்தொரு பெயர்கள். எல்லாரும் அனுமதி வாங்கி நடந்தவர்கள், பிறகு இது எப்படிப் பொதுப்பாதை ஆகும் என்று கேட்டார். யாரையும் கேட்காமல் பல வருடம் நடந்தால்தான் சட்டப்படி பாதை ஊருக்குச் சொந்தம் என்பது வெர்னாவுக்கு அன்றுதான் உறைத்தது. முதல் பெயர் அவளுடையது. தீர்ப்பு வரும் ஜனவரியில்.

பண்ணை மேலாளர் ட்ரென்ட், அவளோடு பள்ளியில் படித்தவன், ஜீப்பில் வந்து இறங்கினான்.

"பேரை எழுதிட்டுப் போ வெர்னா. யாரு வேணாம்னா?"

"என் பேரு மறந்துபோச்சு."

"நீ ஓட்டுற ஸ்கூல் பஸ்ல ஏறுற அத்தனை பிள்ளைங்க பேரும் தெரியும். உன் பேரு மட்டும் மறந்துடுச்சாக்கும்."

"போன வருஷம் எழுதினதோட தீந்துடுச்சு."

துப்பாக்கியை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, கதவின் மேல் ஏறி இறங்கினாள். ட்ரென்ட் போனை எடுத்தான்.

முதல் ஓடையருகே அவள் போவதற்குள், ஷெரீஃப் அலுவலகப் போலீஸ்காரன் பிரைஸ் ட்ரென்டோடு அவன் ஜீப்பில் வந்து சேர்ந்தான்.

"மேடம், அத்துமீறல்னு அபராதச் சீட்டு எழுதணும். வேட்டை லைசென்ஸே போயிடலாம். நோட்டுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க, விட்டுடறேன்."

"என் பஸ்ல வாந்தி எடுத்தவனுக்கு நான் மேடமா?"

சிரித்துவிட்டு அவன் கையிலிருந்த சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். லைசென்ஸ் போனால் குளிர்காலம் முழுக்க வீட்டில் மான்கறி இருக்காது.

"எழுது. மேப்புல இருக்கற பாதை நம்பரையும் போடு. அனுமதி கேக்கமாட்டேன்னு சொன்னாங்கன்னும் போடு."

"உங்களுக்கு எதிரா நீங்களே சொல்றீங்களே?"

"ஆமா. புரியற மாதிரி எழுது. ஜட்ஜ் படிக்கணும்."

ட்ரென்டுக்குத்தான் முதலில் விளங்கியது. "பிரைஸ், அந்த வரியை எழுதாத."

பிரைஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான். "அவங்க சொன்னதை எழுதறதுதான் என் வேலை." எழுதினான்.

வெர்னா சீட்டை வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தாள். நம்பர் சரி, வரியும் சரி. கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தாள்.

"எங்க போறீங்க?"

"காட்டுக்கு. திரும்பறதும் இதே வழியாத்தான். இன்னொரு சீட்டு எடுத்து வை."