சன்னலில் வைக்காத கொத்து

சிஃபிஸ் செங்குத்துப் பாறையில் ஏறி, அங்கே மட்டுமே முளைக்கும் காதல் செடியின் பூங்கொத்தைப் பறித்து வந்து அர்கிரோ வீட்டு வாசற்படியில் வைத்தான் என்றுதான் ஊரே நம்பியது. கிரேக்கத்தின் கிரீட் தீவு மலை ஊர்களில் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்குச் சம்மதமென்றால் கொத்தைத் தண்ணீரில் போட்டுச் சன்னலில் வைப்பாள். ஏழு நாள் சன்னல் காலியாக இருந்தால், பையன் வாயை மூடிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

அர்கிரோவுக்கு முழுச் சம்மதம். ஆனால் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த மகராசி, தண்ணீரில் வைத்தால் நாலு நாளில் வாடிவிடும், தாளில் வைத்தால் நூறு வருஷம் இருக்கும் என்று கணக்குப் போட்டாள். கொத்தைச் செய்தித்தாளுக்குள் விரித்து மேலே கல்லை ஏற்றினாள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் வந்து கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் பக்கத்து ஊரில் பெண் கட்டினான். அவள் பட்டணத்துக்குப் போனவள், யாரையும் கட்டவில்லை.

முப்பத்துநான்கு வருஷம் கழித்து அந்தத் தாளை லென்ஸுக்குக் கீழே வைத்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. காதல் செடியின் இலையில் இருக்கும் பஞ்சுபோன்ற மயிர் இதில் பாதிதான் இருந்தது. பூ அதைப்போலவே தொங்கினாலும் காட்டு ஓரிகனோ மூலிகையின் பூவைப்போலப் பொடிசு. இரண்டும் யாரும் சேர்த்துவைக்காமல் தாமாகக் கலந்து பிறந்த செடி. யாரும் இன்னும் பெயர் வைக்காதது. பெயர் வைக்கப் புதுப் பூ வேண்டும், முளைத்த இடமும் தெரிய வேண்டும். தாளில் ‘பறித்தவர்: சிஃபிஸ்’ என்று எழுதியிருந்தாள். இடம் என்ற கோடு காலியாக இருந்தது.

ஊருக்குப் பஸ் ஏறினாள். அவன் மனைவி இறந்து நாலு வருஷமாகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

“வாங்க பட்டணத்தம்மா, வழி தெரிஞ்சுதா?” பட்டி வாசலில் நின்றபடி கேட்டான் சிஃபிஸ்.

“ஆட்டு நாத்தம்தான் கூட்டிட்டு வந்துச்சு” என்றபடி தாளை நீட்டினாள்.

அவன் தன் பெயரையே வெகுநேரம் பார்த்தான். “இத வச்சிருந்தியா?”

“வாடக்கூடாதுன்னு அன்னிக்கே வச்சேன்.”

“ஏழு நாளு, அர்கிரோ! ஆடுங்கள உன் வீட்டச் சுத்தியே ஓட்டினேன். அதுங்களுக்கே கால் கடுத்துப் போச்சு. சன்னல்ல ஒரு டம்ளர்கூட இல்ல.”

“வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?”

“காலிச் சன்னலப் பாத்தும் கேக்கறவன் மானங்கெட்டவன்னு எங்கப்பா சொல்வாரு.”

அர்கிரோ அழுதுவிட்டாள். இத்தனை வருஷமும் ஏங்கியது செடிக்காக இல்லையே.

“அழாத. நான் பாறையில ஏறவே இல்ல. பாதியிலயே தொடை நடுங்கிடுச்சு. கீழ ஓரிகனோப் புதருக்குள்ள ஒண்ணு பூத்திருந்துச்சு. அதத்தான் பறிச்சேன்.”

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு.

கூட்டிப்போய்க் காட்டினான். செடி இன்னும் உயிரோடு இருந்தது. மழை பொய்த்ததில் ஒரே ஒரு கொத்துதான் பூத்திருந்தது. அதை ஒடித்து நீட்டினான்.

“இந்தா, தாள்ல வச்சுக்க. பேரு வை.”

மறுநாள் காலை, பூட்டிக் கிடந்த அம்மா வீட்டில் அர்கிரோ தாளை விரித்தாள், பிறகு மடித்துவிட்டாள். பெயர் அடுத்த கோடை வரை காத்திருக்கட்டும். ராக்கிச் சாராயம் குடிக்கும் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொத்தைச் சன்னலில் வைத்தாள்.

தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது. ஆடுகள் தம்பாட்டுக்கு மேடேறிப் போயின. ஓட்டி வந்தவன் சன்னலுக்குக் கீழேயே நின்றுவிட்டான்.