கூப்பிட்டு அடித்த நாய்

டெஸ் அந்த நாயை இரண்டு முறை விற்றான். இரண்டு முறையும் அது திரும்பி வந்துவிட்டது. வந்தது அவனைத் தேடி அல்ல, அவன் பெண்டாட்டி எனிட்டைத் தேடி. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

மெக் என்று பெயர். தகப்பன் ஓட்டப் பந்தய நாயான கிரேஹவுண்ட், தாய் ஆடு மேய்க்கிற கோலி. இப்படிக் கலந்து பிறக்கிற வேட்டை நாயை லர்ச்சர் என்பார்கள். கடலுக்குக் கரை கட்டி, தண்ணீரை வடித்து உழுத அந்தத் தட்டை மண்ணில், வீட்டுக்கு ஒன்றாவது கட்டிக் கிடக்கும். மெக்குக்குத் தகப்பனின் காலும் தாயின் மூளையும் வாய்த்திருந்தன. ஓட்டம் தகப்பனை விடக் கொஞ்சம் மட்டுதான். ஆனால் முயல் வேலியின் எந்த ஓட்டையில் நுழையப் போகிறது என்று முயலுக்குத் தெரிவதற்கு முன்பே இதற்குத் தெரியும். அங்கே போய் நின்றுகொள்ளும். பல் படாமல் கவ்வி, உயிரோடு கொண்டுவந்து கையில் கொடுக்கும். யார் கையில்? எனிட் கையில் மட்டும்.

கோலி ரத்தம் அப்படி. ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு அதட்டுப் போட்டால் போதும், இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்க்காது. டெஸ் லாரி ஓட்டப் போன காலத்தில் எனிட்தான் அதை அடுப்புக்குப் பின்னால் போட்டு வளர்த்தாள். பிள்ளை இல்லாத வீடு. பூச்செடிக் கிழங்குகளைத் தரம் பிரிக்கிற கொட்டகையில் நாள் முழுக்கக் கிழங்கு பொறுக்கி, அதன் சாறு பட்டுக் கையெல்லாம் சொறியோடு அவள் வருவாள். அது வாசலிலேயே காத்துக் கிடந்து அந்தக் கையை நக்கிவிடும். அந்த வீட்டில் அவள் வருகைக்காகக் காத்திருந்த உயிர் அது ஒன்றுதான்.

டெஸ் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனால் மெக் வேனை விட்டு இறங்காது. வீடு இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். பப்பில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "டெஸ்ஸோட நாய்க்கு ஊர்ல எல்லாரையும் பிடிக்கும், டெஸ்ஸைத் தவிர" என்றான் ஒருவன். "பொண்டாட்டியும் அதே ஜாதியா?" என்றான் இன்னொருவன். டெஸ்ஸும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"சனிக்கிழமைக்குள்ள இந்த நாய் என் பேச்சைக் கேக்கணும்" என்றான். "இல்லேன்னா பின்னாடி வாய்க்கால் கரைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

வாய்க்கால் கரை என்றால் துப்பாக்கி. இதற்கு முன்பிருந்த நாய் அங்கேதான் போனது. எனிட் உருளைக்கிழங்குக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"அடி."

"நானா?"

"நான் அடிச்சா உன்கிட்ட ஓடும். நீ அடிச்சா எங்கிட்ட வரும். இதுல புரியாம என்ன இருக்கு? கூப்பிட்டு அடி."

நாய் வைத்திருக்கிற எவனும் செய்யாத காரியம் அது. கோழியைக் கொன்றுவிட்டு வரட்டும், பக்கத்துப் பண்ணை ஆட்டைக் கலைத்துவிட்டு வரட்டும், கூப்பிட்ட குரலுக்கு வந்த நாயை அடிக்கக் கூடாது. வந்ததற்காகத் தட்டிக்கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்குக்கூட அங்கே தெரிந்த பாடம். குறிப்பாகக் கோலிக் கலப்பை அப்படி ஒருமுறை அடித்துவிட்டால் அது ஆயுசுக்கும் மறக்காது.

"கூப்பிட்டா வர்ற நாயை யாராவது அடிப்பாங்களா, டெஸ்?"

"அதனாலதான் சொல்றேன். நல்லாக் கொஞ்சிக் கூப்பிடு. என்னமோ தங்கம், பட்டும்பியே, அந்தக் குரல்ல. என்னை ஒரு நாளும் அந்தக் குரல்ல கூப்பிட்டதில்ல நீ."

கொல்லை முற்றத்தில் தோல்வாரை அவள் கையில் கொடுத்தான். தான் கொட்டகை ஓரம் போய் நின்றுகொண்டான், சட்டைப்பையில் வேகவைத்த ஈரல் துண்டுகள்.

"மெக், வாடி என் தங்கம்" என்றாள் எனிட். வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு துள்ளி வந்தது. அவள் வாரால் முதுகில் தொட்டாள்.

"தடவிக் குடுக்கவா சொன்னேன்?" என்றான் டெஸ்.

அவள் ஓங்கி அடித்தாள். மெக் கத்தவில்லை. தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. பிறகு தவழ்ந்து வந்து, அடித்த கைக்கு அடியிலேயே மூக்கை நுழைத்தது. "இன்னொண்ணு" என்றான் டெஸ். இன்னொன்று அடித்தாள். நாய் கொட்டகைப் பக்கம் ஓடியதும் அவன் குனிந்து, "வா, வா, அந்தப் பொம்பளை கெட்டவ" என்று ஈரலை ஊட்டினான்.

காலையும் மாலையும் இதே கூத்து. சாகாமல் இருக்கட்டும், என்னை வெறுத்தாலும் உயிரோடு இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லி அடித்தாள் எனிட். வெள்ளிக்கிழமை வார் தேவைப்படவில்லை. "வாடி என் தங்கம்" என்று அவள் வாயெடுத்ததுமே மெக் நின்ற இடத்தில் மூத்திரம் பெய்துவிட்டு டெஸ்ஸின் கால்களுக்கு நடுவே போய் ஒளிந்தது.

"தேறிட்ட" என்றான் டெஸ் அவளிடம்.

சனிக்கிழமை மெக் அவனோடு போய்க் கை கொள்ளாமல் முயல் பிடித்துக் கொடுத்தது. டெஸ் பாடிக்கொண்டே வந்தான். எனிட் முயலை உரித்து, வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் போட்டு வேகவைத்தாள். நாய் மேசைக்கு அந்தப் பக்கம், அவன் பக்கம் படுத்திருந்தது. போகட்டும், பிழைத்துக்கொண்டது என்று அவள் நினைத்தாள். மனசு கொஞ்சம் ஆறிக்கூடப் போனது. பைத்தியக்காரி.

திங்கட்கிழமை லென் பார்க்கின் வந்தான்.

பார்க்கினைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. சமையலுக்கு முயல் பிடிக்கிற ஆள் இல்லை அவன். வயலில் கிடக்கிற பெரிய முயலைக் கிளப்பி, இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டு, கார்களை வரிசையாக நிறுத்திப் பந்தயம் கட்டுகிற கூட்டத்தின் தலைவன். அவன் நாய் மூச்சு நிற்கிற வரை துரத்த வேண்டும். கிரேஹவுண்ட் துரத்தும், அதற்கு யோசிக்கத் தெரியாது. கோலிக் கலப்பு நாலு திருப்பம் ஓடிப் பார்க்கும். இந்த முயல் கிடைக்காது என்று தெரிந்தால் நின்றுவிடும், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்து திரும்பி வரும். அறிவுள்ள எவரும் செய்வதுதான். பார்க்கினுடைய நாய் அப்படி நின்றால் அன்று அவன் காரில் திரும்பி வராது. மரக்கிளையும் கயிறும் போதும் அவனுக்கு. தோட்டா வீண் என்பான்.

"ஓடி வந்துர்ற நாய்னு கேள்விப்பட்டேனே" என்றான் பார்க்கின் முற்றத்தில் நின்று.

"அது அப்போ" என்றான் டெஸ். "இப்ப வர்றதுக்கு இங்க ஆள் கிடையாது. அடிச்சே விரட்டிட்டா எங்க வீட்டுக்காரி. எனிட், ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த வாரம் முழுக்க அவள் அடித்தது நாயைக் காப்பாற்ற அல்ல, விற்க. பாவி, அவள் கையாலேயே செய்ய வைத்திருக்கிறான். ஆனால் இன்னொன்றும் உடனே தோன்றியது. இப்போது மெக் தன்னிடம் வந்துவிட்டால் பார்க்கின் வாங்க மாட்டான்.

மண்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விரித்து, வெறுங்கை என்று காட்டினாள். "மெக். வாடி. வாடி என் தங்கம், என் பட்டு" என்று உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டாள்.

மெக் நடுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத பார்க்கினின் பூட்ஸுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது.

"பிரமாதம், அம்மணி" என்றான் பார்க்கின். "என்கிட்ட நாய் பழக்குற பசங்களுக்கும் நீங்களே வந்து சொல்லிக் குடுக்கலாம்."

பின்பக்கப் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து அங்கேயே கொடுத்தான். கார்க்கதவைத் திறந்ததும் மெக் தானாக ஏறிக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அதற்கு என்ன இருந்தது?

அதற்குப் பிறகு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. டெஸ் பப்புக்குப் போயிருந்தான். எனிட் இறைச்சியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது சன்னல் வழியாக வெளிக்கதவு தெரிந்தது. அங்கே மெக் நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. முன்கால் பாதம் பிளந்து ரத்தம். ஊர் எது, வழி எது என்று எப்படித்தான் கண்டுபிடித்ததோ, வந்துவிட்டது.

ஏன் வந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது. எங்கோ ஒரு வயலில் கிடைக்காத முயலைத் துரத்திவிட்டு நின்றிருக்கும். பார்க்கின் கயிறு எடுப்பதற்குள் நழுவியிருக்கும். இன்றைக்குள் அவன் தேடி வருவான்.

எனிட்டின் தம்பி மேபிள்தோர்ப்பில் இருந்தான், கடற்கரை மணல்மேட்டில். அங்கே மணலில் வளை தோண்டி வாழ்கிற சின்ன முயல் கொட்டிக் கிடக்கிறது. மெக்கைக் கண்ணில் வைத்துக் காப்பான். தெருமுனையில் இன்னும் அரைமணியில் பேருந்து. டெஸ் வர அதற்கு மேல் ஆகும். கோட்டை மாட்டினாள், பணப்பையை எடுத்தாள், கயிற்றையும் எடுத்துக் கோட்டுக்குள் மறைத்தாள். நாய் கைக்கு எட்டினால் போதும். அவ்வளவுதான் வேண்டும்.

எட்டவில்லை. அவள் ஓரடி வைத்தால் அது ஓரடி பின்னால் போனது. ஓடிப் போகவும் இல்லை; அது அதன் வீடு. எனிட் யோசித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தாள். பேசவில்லை, திரும்பவில்லை. வெகுநேரம் கழித்துக் கல்லில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு அவள் முழங்கைப் பக்கம் சூடான மூச்சு. ஈர மூக்கு அவள் விரலைத் தொட்டது, சொறியை ஒரே ஒரு முறை நக்கியது.

எத்தனை நாள் ஏக்கம். தாங்குமா? "தங்கம்" என்று சொல்லிவிட்டாள்.

அடி விழுந்ததுபோல் கத்திக்கொண்டு நாய் கதவைத் தாண்டிப் பாய்ந்தது. இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரையே தாண்டியிருக்கும். எனிட் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே அது நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேருந்து வந்தது, நின்றது, போயேவிட்டது.

அதன் பின்னால் டெஸ்ஸின் வேன் வந்தது. இறங்கி ஒரு விசில் அடித்தான். மெக் எழுந்து, உடம்பை வளைத்து வாலை ஆட்டிக்கொண்டு அவனிடம் போனது. அவன் பூட்ஸ் மேல் தாடையை வைத்தது. அவன் ஒரு கணம் அசந்துதான் போனான்.

"பாத்தியா கிழவி" என்றான். "என்னத் தேடி வந்திருக்கா. இத்தனை தூரம், எனக்காக."

"ஆமா, உன்னத் தேடித்தான் வந்திருக்கா" என்றாள் எனிட் சேற்றிலிருந்து எழுந்து. "உன் நாயாவே இருக்கட்டும் டெஸ். நான் தொடக்கூட மாட்டேன். வேலை முடிஞ்சதும் அந்தக் கிழங்குக் கொட்டகையிலயே தங்கிக்கிறேன். அவள மட்டும் அனுப்பாத."

டெஸ் நாயின் காதை வருடினான். யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"பார்க்கின் பப்புக்குப் போன் பண்ணினான்" என்றான். "எல்லாரும் பாக்க நடு வயல்ல நின்னுட்டாளாம். நாயைக் குடு, இல்ல பணத்தைக் குடுங்கிறான். பணம் வேன் எஞ்சினுக்குள்ள போயிருச்சு. நான் என்ன பண்ண?"

"கயித்துல தொங்க விடுவான்."

"அது அவன் நாய்" என்று சொல்லிவிட்டு டெஸ் வேன் கதவைத் திறந்தான். மெக் முன்னங்கால்களைப் படியில் வைத்தது.

எனிட் மூச்சை நிறைய இழுத்தாள்.

"மெக்" என்றாள். "வாடி என் தங்கம்."

நாய் படியிலிருந்து தெறித்து விழுந்தது. டெஸ் கழுத்துத் தோலைப் பிடித்தான், தோல் வழுக்கியது. தெருவைத் தாண்டி, வாய்க்காலை ஒரே தாவாகத் தாவி, அக்கரையில் ஏறியது. டெஸ் விசில் அடித்தான். அந்த விசிலுக்கு அது நின்றது, திரும்பியது, ஒரு காலைத் தூக்கி வைத்தது.

"வாடி கண்ணு. என் பட்டு, வாடி."

மறுபடி ஓடியது.

"வாயை மூடுடி" என்று டெஸ் அவள் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது. அவள் அதைத் துப்பிவிட்டு அவனைத் தாண்டித் தெருவுக்கு நடந்தாள். அவன் பின்னால் நின்று விசில் அடித்தான், அவள் அதற்கு மேல் குரலை உயர்த்தினாள். சமையலறையில் அடுப்புப் பக்கம் அதை மடியில் போட்டுக்கொண்டு பேசிய அதே பேச்சை, ஒரு சொல் விடாமல், கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மெக் இன்னும் வேகமாக ஓடியது, பிளந்த காலோடு, அறுத்து முடித்த வயல்களுக்கு ஊடாக, வடக்கே. விசில் எட்டாத தூரம் போகிற வரை அவள் நிறுத்தக் கூடாது. வாய்க்கால் கரையோரம் நடந்துகொண்டே கூப்பிட்டாள்.