இறுக்கிக் கட்டிய நூல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கல்யாணச் சோறு வயிற்றில் இறங்கியதும் கதை முடிந்துவிடுகிறது. பெண் பட்ட பாடு என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்பதில்லை. மேகோங் ஆற்றங்கரையெங்கும் இன்னும் அதே பேச்சுதான்: மலைப்பூதம் தூக்கிப்போன வியெங்காவை ஆற்று நாகன் மீட்டானாம், மனித உருவெடுத்து அவளையே கட்டிக்கொண்டானாம். கட்டிக்கொண்ட பிறகும் அவள் சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குகிறாள், கதவைச் சாத்தினால் நடுங்குகிறாள். அது அவள் அப்பன் போன்கியோவுக்குத்தான் தெரியும்.

ஓர் உடம்பில் முப்பத்திரண்டு உயிர்கள் உண்டென்பது அந்த ஊர் நம்பிக்கை. அவளுடைய உயிர்களில் பாதி பூதத்தின் குகையிலேயே தங்கிவிட்டன என்று கிழவர் முடிவுகட்டினார். போன உயிர்களைக் கூப்பிட்டு மணிக்கட்டில் நூலால் கட்டிவைக்கும் உயிரழைப்புக்கு ஊரைக் கூட்டினார். வாழையிலைக் கூம்பு, சாமந்தி, அவித்த முட்டை, ஒட்டரிசிச் சோறு, வெள்ளை நூல் எல்லாம் தட்டில் ஏறின. நாகனாயிருந்த மருமகன் கோங்டி ஏணிப்படி ஓரமாக உட்கார்ந்திருந்தான். எவ்வளவு துடைத்தாலும் அவன் தலைமுடியில் தண்ணீர் சொட்டும்.

"மாப்ளைக்கு ஒரு வாளி வைங்கப்பா, வீடு மிதக்கப்போவுது" என்றாள் பக்கத்து வீட்டு சோம்டி. சபையே சிரித்தது. கிழவருக்கு மானம் போயிற்று.

பூசாரி காட்டிலிருந்தும் பாறையிலிருந்தும் உயிர்களை அழைத்து முடித்தார். முதல் நூலை அப்பன் கட்ட வேண்டும். முடிச்சு தளர்ந்தால் உயிர் நழுவிவிடும் என்பது போன்கியோவின் எண்ணம். மகளின் கையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, பூதம் கொடியால் கட்டிவைத்ததில் விழுந்த தழும்பின் மேலேயே நூலை வைத்து, பல்லைக் கடித்து இறுக்கினார்.

வியெங்கா அலறினாள். தட்டை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஏணியில் இறங்கி ஓடி, தூண்கள்மேல் நின்ற வீட்டின் அடியில் எருமை கட்டும் தூணுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

போன்கியோ பின்னாலேயே போனார். "எந்திரி! ஊரே பாக்குது" என்று தோளைப் பிடித்து இழுத்தார்.

"கட்டாதே" என்று அவள் கும்பிட்டாள். "நான் ஓடமாட்டேன். சத்தியமா ஓடமாட்டேன்."

அது அப்பனிடம் சொன்னதல்ல. அவள் கண்ணுக்கு அங்கே பூதம் நின்றிருந்தது. போன்கியோவின் கை தானாக விழுந்தது. மேலே பலகை இடுக்குகளில் அத்தனை கண்கள்.

கோங்டி இறங்கி வந்தான். அவளைத் தொடாமல் எட்டவே உட்கார்ந்தான். "அவுத்துப் போடு வியெங்கா. நீயே அவுத்துக்க."

"மூணு நாளைக்கு அவுக்கக் கூடாதுடா!" என்று பதறினார் போன்கியோ.

"அவுக்கட்டும் மாமா."

அவள் நகத்தால் சுரண்டி அவிழ்த்தாள். கோங்டி தன் கையை நீட்டினான். "இப்ப எனக்குக் கட்டு. அந்தக் குகையில நானும் பயந்தேன்."

"பாம்புக்கு ஏதுடா மணிக்கட்டு?" என்றாள் மேலிருந்து சோம்டி.

"இன்னிக்கு இருக்குக்கா. நாளைக்கு ஆத்துல வந்து தேடாதீங்க."

வியெங்காவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. நூலை எடுத்து, ஒரு விரல் நுழையும்படி தொளதொளவென்று அவனுக்குக் கட்டினாள். தட்டிலிருந்து உருண்ட முட்டையை யாரோ மண் தட்டிக் கொண்டுவந்தார்கள். அவள் அதை வாங்கிப் பாதியைத் தின்றாள்.

"உயிர் வந்திடுச்சு!" என்று ஊர் கூவியது.

"அப்பா" என்றாள் அவள். "நீங்களும் கையக் காட்டுங்க."

போன்கியோவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறுக்கிய கை இன்னும் சிவந்திருந்தது. அதை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டார்.

"சின்னவங்க பெரியவங்களுக்குக் கட்டுறதா? அதுவும் இவ்வளவு தொளதொளன்னு? எந்த உயிர் நிக்கும் இதுல?" என்று முணுமுணுத்தபடி, யாருக்கும் முகம் கொடுக்காமல் ஆற்றுப்பக்கம் நடந்தார்.