பெல்ட் மாட்டிய மறுநாள்

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்வராணி குஷன் கடை வைத்திருந்தாள். கார் சீட்டு, ஆட்டோ சீட்டு, டிராக்டர் சீட்டு, எது வந்தாலும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் அவள் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுக் கார் அது. சொக்கநாதன் செட்டியாரின் அப்பா காலத்தில் வாங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். சிவப்பு நிறம். குடும்பம் சென்னைக்குப் போய்விட்ட பிறகும் காரை விற்க மனசு வராமல் வீட்டிலேயே மூடி வைத்திருந்தார்கள். இப்போது சொக்கநாதனுக்கு அறுபதாம் கல்யாணம். சடங்கு முடிந்ததும் தானும் மனைவியும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி அதே காரில் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. டிரைவர் அய்யப்பனுக்குச் சொந்த ஊர் இலுப்பூர். அவன் சொல்லித்தான் செல்வராணியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இதுல இன்ஜின் பின்னாடிக்கா, டிக்கி முன்னாடி" என்று சொல்லி அய்யப்பன் முன்பக்க மூடியைத் தூக்கினான்.

உள்ளே பெட்டிகள் உருளாமல் கட்டி வைக்க இரண்டு தோல் பெல்ட்டுகள் இருந்தன. செல்வராணி ஒன்றைத் தொட்டதும் வறட்டி மாதிரி பொடிந்து கையோடு வந்தது.

செட்டியாரின் மனைவி உமா பக்கத்திலேயே நின்றிருந்தார். "வெள்ளிச் சாமான் எல்லாம் பெட்டியில வச்சுக் கொண்டுபோவோம். உருண்டு அடிபடக் கூடாது. கெட்டியாப் போட்டுக் குடு செல்வராணி."

"அதெல்லாம் ஆனை இழுத்தாலும் வராது ஆச்சி."

புதுத் தோலை வெட்டி இரட்டையாக மடித்துத் தைத்தாள். பழைய பித்தளை வளையங்களைத் துடைத்து அதிலேயே கோத்தாள். மாட்டுகிற இடத்தில்தான் சிக்கல். பழைய ஸ்குரூ ஓட்டைகள் துருப்பிடித்து அகன்றுபோயிருந்தன, ஸ்குரூ நிற்கவில்லை. டிக்கியின் உள்சுவரில் ஒட்டியிருந்த கார்ப்பெட்டைக் கழற்றாமலே, பழைய ஓட்டைகளுக்குக் கொஞ்சம் கீழே தள்ளி நாலு புது ஓட்டை போட்டாள். டிரில் ஒரு தகட்டைத் தாண்டி லேசாக ஓடியது, மறுபடி எதிலோ முட்டி அதையும் தாண்டியது. இரட்டைத் தகடு போலிருக்கு, பிடிமானம் நல்லா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நீளமான ஸ்குரூவாகப் போட்டு இறுக்கினாள். பெட்ரோல் வாடை அடித்தது. பழைய கார் என்றால் அடிக்கத்தான் செய்யும்.

கிளம்பும்போது அய்யப்பன் சொன்னான்: "டேங்க் காஞ்சு கெடக்குக்கா. காலையில போய் ஃபுல் பண்ணிட்டு வந்து நிறுத்தணும்."

மறுநாள் காலையில் கடையைத் திறந்துவிட்டு, பக்கத்துக் கடை மெக்கானிக் பிராங்க்ளினிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். அவனும் அந்த மாதிரிக் காரை நேரில் பார்த்ததில்லை. டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தான். டிக்கியின் உட்புறம் வந்ததும் விரல் நின்றது.

"இந்த ஸ்குரூ புதுசா போட்டதாக்கா?"

"ஆமா. பழைய ஓட்டை நிக்கல தம்பி."

"டிரில் போட்டியா?"

"பின்ன?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அக்கா, இன்ஜின் பின்னாடி இருக்கிற கார்ல பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் முன்னாடிதான் இருக்கும். இந்தச் சுவத்துக்குப் பின்னாடிதான் டேங்க். டிரில் ஒரு தகட்டோட நின்னுச்சா?"

செல்வராணி ரெண்டு என்று விரலைக் காட்டினாள்.

"காலி டேங்க்ல டிரில் போட்டிருக்கே. உள்ள பூரா ஆவிதான் நின்னிருக்கும். ஒரு பொறி பட்டிருந்தா நீ இப்ப இங்க நிக்க மாட்ட."

ஆனால் அவள் நினைத்தது நேற்று நடந்ததைப் பற்றி இல்லை. இன்றைக்கு அந்த டேங்க் நிறைந்திருக்கும். கல்யாண வீடு. விளக்கு, சாம்பிராணி, ஊதுபத்தி. கிளம்பும் முன்னால் காருக்குப் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றுவார்கள். சுற்றிவிட்டுக் காருக்கு முன்னால்தான் உடைப்பார்கள், சரியாக அந்த டிக்கிக்கு நேரே.

அய்யப்பனுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். உமாவுக்குப் போட்டாள். முதலில் எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது எடுத்துவிட்டார். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"சொல்லு செல்வராணி, சீக்கிரம் சொல்லு. எங்க தலையில கலசத் தண்ணி ஊத்தப் போறாங்க."

சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தாள். அதற்குள் மனசு எங்கெங்கோ போய்விட்டது. செட்டியார் வீட்டுக் காரில் ஓட்டை போட்டவள் என்று ஊர் பேசும். அப்புறம் யார் வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள்? கடையை மூட வேண்டியதுதான்.

"அது... அந்த பெல்ட்டை இன்னொரு தடவ பார்க்கணும் ஆச்சி. கார எடுக்க வேணாம், நான் வந்து..."

"பெல்ட்டெல்லாம் ஜோரா இருக்கு. அவுக பார்த்துட்டு ரொம்பச் சந்தோசப்பட்டாக. அப்புறம் பேசுறேன்."

போன் அடங்கிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டாள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

பிராங்க்ளின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏன்க்கா பெட்ரோல்னு சொல்லல?"

"வண்டிய எடு" என்றாள். "போற வழியில திட்டு. இப்ப எடு."

அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். அன்னவாசலைத் தாண்டினார்கள். ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உமாவுக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். எடுக்கவில்லை. வழியில் ஓரிடத்தில் புகை எழுந்தது. ஒரு வயலில் காய்ந்த புல்லைக் கொளுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனாலும் தாண்டிப் போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

புதுக்கோட்டை பைபாஸில் ரோடு போடுகிற வேலை. ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறு பக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். கொடி பிடித்து நின்ற பெண்ணிடம் செல்வராணி இறங்கி ஓடினாள்.

"ஆத்தா, உசுருக்கு அவசரம். எங்கள மட்டும் விட்டுரு."

"ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னுதான் போறோம்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் செல்வராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டிப் போகும்படி கையைக் காட்டினாள்.

நமணசமுத்திரம் வந்தது, திருமயம் வந்தது. கோட்டையைத் தாண்டி உள்ரோட்டில் திரும்பினார்கள். மேளம் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. சடங்கு முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

தெருமுனையிலிருந்தே கார் தெரிந்தது. வீட்டு வாசலுக்கு எதிரே, மல்லிகைச் சரமெல்லாம் போட்டு, மூடியில் சந்தனம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுகிற இடத்தில் செட்டியாரும் பக்கத்தில் உமாவுமாக மாலையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். உமாவின் மகள் முத்தாள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற கண்ணுசாமி, பூசணிக்காயின் மேல் சூடம் எரிய எரியக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின்பக்கத்தைத் தாண்டி முன்னால் திரும்பினார்.

காருக்குக் கீழே மண் கறுப்பாக நனைந்திருந்தது. வாசல் தெளித்த தண்ணீர் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். மல்லிகையிலும் சாம்பிராணியிலும் மற்ற வாடை எதுவும் தெரியவில்லை.

பைக் நிற்கும் முன்பே செல்வராணி குதித்தாள்.

"சூடத்த அணைங்க! கிட்ட போகாதீங்க! பெட்ரோலு! பெட்ரோல் ஒழுகுது!"

எல்லோரும் திரும்பினார்களே தவிர யாரும் அசையவில்லை. நல்ல நேரத்தில் எந்தப் பைத்தியம் கத்துகிறது என்பதுபோல ஒரு பெரியவர் கையை ஓங்கினார். கண்ணுசாமிக்குக் காது மந்தம். அவர் காருக்கு நேர் முன்னால் வந்து நின்று, உடைப்பதற்காகப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அவள் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். எரிகிற சூடம் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. உதறவில்லை. உதறினால் கீழேதானே விழும்? நெருப்போடு விரல்களை மடக்கிக்கொண்டு, பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்து, தெருவின் மறுகோடியில் இருக்கும் ஊருணிக்கு ஓடினாள். முந்தானை பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியது. படியில் கால் வழுக்கி, பூசணிக்காயோடு தண்ணீரில் விழுந்தாள்.

எழுந்து திரும்பிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. வெடிக்கிற சத்தம் கேட்கும், கேட்கும் என்று இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிராங்க்ளினின் குரல்தான் கேட்டது.

"சாவியத் தொடாதீங்க! ஐயா, ஆச்சி, இங்கிட்டு எறங்கி வாங்க. மெதுவா. யாரும் போன் பேசாதீங்க. ஊதுபத்திய மண்ணுல குத்தி அணைங்க."

அவள் ஈரப் புடவையோடு திரும்பி வந்தபோது தெருவே தள்ளி நின்றது. பிராங்க்ளின் தரையோடு படுத்துக் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய நூல்போலப் பெட்ரோல் விடாமல் வடிந்துகொண்டிருந்தது.

சொக்கநாதன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டேங்க்ல யாரு ஓட்ட போட்டது?"

"நான்தாங்கய்யா" என்றாள் செல்வராணி. "பெல்ட்டுக்கு ஸ்குரூ போடுறப்ப. பின்னாடி டேங்க் இருக்குன்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும். கேக்கல."

யாரோ அவளை ஏசினார்கள். அது அவள் காதில் ஏறவில்லை. உமா அவளிடம் வந்தார்.

"காலையில போன் பண்ணினியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஆச்சி."

"ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன். ஒங்களுக்கு என்ன ஆகுமோன்னு இல்ல ஆச்சி. என் கடை போயிருமேன்னு பயந்துட்டேன். போன வச்ச பெறகுதான் என்ன செஞ்சேன்னு எனக்கே ஒறைச்சுச்சு."

உமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வேறு கார் வந்தது. இருவரும் அதில் ஏறிக் கோயிலுக்குப் போனார்கள். போன பிறகு முத்தாள் ஒரு மருந்து டியூப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா குடுக்கச் சொன்னாங்க. கையில போட்டுக்குங்க." அப்போதுதான் செல்வராணி உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள்.

பிராங்க்ளினும் அய்யப்பனுமாகக் காரைக் கையாலேயே தள்ளி ஊருக்கு வெளியே பொட்டலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டேங்க்கில் இருந்ததைக் கேன்களில் பிடித்தார்கள். அதன் பக்கத்தில் நிற்க அவளால் முடியவில்லை. தள்ளிப் போய் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, டியூப்பைப் பிதுக்கிக் கையில் மருந்து தடவினாள்.

பதினைந்து நாள் கழித்து உமாவின் போன் வந்தது.

"புது டேங்க் போட்டாச்சு. பெல்ட்ட வந்து மாட்டிக் குடு."

"ஆச்சி, நான் வேணாமே. புதுக்கோட்டையில பெரிய கடையா..."

"எனக்கு ராத்திரியில இன்னும் முழிப்புத் தட்டுது செல்வராணி. அந்தக் கார்ல இனிமே யாரு கை வச்சாலும் பயமாத்தான் இருக்கும். ஒனக்கும் இருக்கும்ல? பயப்படுறவளே வந்து செய்யி."

போனாள். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு இடைவெளி என்று அய்யப்பனை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். டேங்க் பக்கமே போகாமல் ஓரத்துச் சட்டத்தில், மெஷின் இல்லாமல் கையாலேயே துளை போட்டாள். ஆறாத உள்ளங்கை எரிந்தது. ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் நிறுத்தி, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

வேலை முடிகிறவரை உமா ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தள்ளி உட்காருங்கள் என்று செல்வராணிக்கு வாய்வரை வந்தது. அவர் பக்கத்தில் இருந்தால்தான் தன் கை கவனமாக இருக்கும் என்று பட்டது. சொல்லவில்லை.