கட்டிய மூட்டை

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் அந்த அலுவலகத்தில் மாமனார் முதலாளி, மகன் நிரலர், மருமகள் சோதனையாளர். அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் விற்பனைக்குப் போகாது. வீட்டுக்குள்ளேயே காரியம் முடிந்துவிடும் என்று மாமனார்தான் விதியை அப்படி எழுதியிருந்தார்.

மகன் எழுதிய பாதுகாப்புப் பகுதிக்கு அவர் 'கவசம்' என்று பெயர் சூட்டி, ஒரு சின்னமும் வரையவைத்துச் சுவரில் மாட்டியிருந்தார். கவசம் எழுதியதைவிடச் சின்னம் வரையத்தான் அதிக நாள் பிடித்தது.

திரையில் நோயாளி பெயரைக் கேட்கும் பெட்டியில் யாரோ தட்டும் எழுத்துச்சரம் எந்தெந்த வரி வழியாகப் போய், என்ன உருவில் தரவுத்தளத்தைத் தொடும் என்று நிரலை ஓட்டாமலேயே பின்தொடர்வது மருமகளின் கருவி. கவசத்தில் அது சிவப்பு காட்டியது. கவசம் முதலில் சரத்தைச் சோதித்தது. அதில் குறியீடாக மாறி ஒளிந்து வந்த கட்டளையைப் பிறகுதான் பழையபடி எழுத்தாக்கியது. கட்டிய மூட்டையை அவிழ்க்காமல் தடவிப் பார்த்து உள்ளே விட்டு, அப்புறம் தானே அவிழ்த்தும் கொடுக்கிற காவலாளி.

கணவன் அந்த வரிக்கு மேல் 'இதைப் பார்க்காதே' என்று கருவிக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தான். அவள் அதை அழித்தாள்.

"உன் கருவிக்குச் சந்தேகப் புத்தி," என்றான்.

"வாயை அடைச்சா நோய் போயிடுமா?"

மறுநாள் மென்பொருளை வாங்க மருத்துவமனைத் தலைமை டாக்டர் வந்தார். மாமனார் மார்பை நிமிர்த்தினார். "என் சொந்த ரத்தப் பரிசோதனை முடிவையே உள்ள வச்சிருக்கேன் டாக்டர். முடிஞ்சா யாராவது எடுக்கட்டும்!"

"எடுக்கட்டுமா மாமா?" என்றாள் மருமகள்.

"தாராளமா!"

பெயர்ப் பெட்டியில் பெயரே அல்லாத, குறியீடாக மாற்றிய ஒரு சரத்தைத் தட்டினாள். திரை நிறைய மாமனார் விரிந்தார். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சார், இவ்வளவு சர்க்கரையோட நீங்க நிமிர்ந்து நிக்கிறதே பெரிசு."

மாமனார் உட்கார்ந்துவிட்டார். ஆனால் குரல் உட்காரவில்லை. "சின்ன ஓட்டை. அப்புறம் அடைச்சுக்கலாம். நீ கையெழுத்தைப் போடும்மா."

"போட மாட்டேன். இன்னிக்கு உங்க ரத்தம், நாளைக்கு ஊரோட ரத்தம்."

"வீட்டு மருமக பேசற பேச்சா இது?"

"வீட்டுல மருமக, இங்க சோதனையாளர். ரெண்டு பேருமே போட மாட்டோம்."

"அப்ப நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்ல!"

"வேலைய விட்டு அனுப்பற கடுதாசியில போட வேண்டியது உங்க கையெழுத்து, தாராளமா போடுங்க. இதுல போட வேண்டியது என்னோடது. அது வராது."

டாக்டர் எழுந்தார். "இந்தம்மா போடற அன்னிக்குக் கூப்பிடுங்க. வேற யார் போட்டாலும் வாங்க மாட்டேன்."

கதவு மூடியதும் மாமனார் மகன் பக்கம் திரும்பினார். "பார்த்தியாடா உன் பொண்டாட்டிய?"

"அவ சொல்றது சரிப்பா."

"நீ எழுதினதுடா அது!"

"அதனாலதான் சொல்றேன்."